ஏனோக்கின் 300 வருஷம்: உங்கள் நடை எப்படிப் போகிறது?

கணக்கர் (தொடங்கி வைத்தது)

ஆதியாகமம் 5-ம் அதிகாரத்தை நம்மில் நிறையப் பேர் வேகமாகத் தாண்டிவிடுவோம், வெறும் வம்ச அட்டவணைதானே என்று. இவன் இத்தனை வருஷம் இருந்தான், பிள்ளைகளைப் பெற்றான், மரித்தான். ஆதாமிலிருந்து லாமேக்கு வரைக்கும் 8 பேருக்கு இதே முடிவுதான். நடுவில் ஒரே ஒருவனுக்கு மட்டும் அந்தக் கடைசிச் சொல் இல்லை. “ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்.”

பிரசங்கங்களில் அவன் எடுத்துக்கொள்ளப்பட்டதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். என் கண் அதற்கு முந்தின வசனங்களில் நிற்கிறது. மெத்தூசலா பிறந்தபோது ஏனோக்குக்கு 65 வயது. அதற்கப்புறம் 300 வருஷம் தேவனோடு சஞ்சரித்துக்கொண்டே குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான். அதாவது வீடு வாசலை விட்டு எங்கேயும் போகவில்லை. பிள்ளை வளர்த்துக்கொண்டே நடந்திருக்கிறான். எதைச் சாதித்தான் என்று ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை. யூதாவின் நிருபத்தில் அவன் சொன்ன தீர்க்கதரிசனம் ஒன்று வருகிறது, எபிரெயரில் அவன் தேவனுக்குப் பிரியமானவன் என்ற சாட்சி வருகிறது, அவ்வளவுதான்.

300 வருஷத்தில் பெரும்பாலும் சாதாரண நாட்களாகத்தான் இருந்திருக்கும். உங்களுடைய அந்தச் சாதாரண நாட்களைப் பற்றி எழுதுங்களேன். வியாதி சுகமானது, வேலை கிடைத்தது போன்ற சாட்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றை எங்கேயும் கேட்கலாம். ஒன்றுமே நடக்காத ஒரு நாளில் அவரோடு இருப்பது எப்படி என்பதுதான் என் கேள்வி.

என் பங்குக்கு ஒன்று. பல வருஷமாக என்னிடம் கணக்கு எழுதக் கொடுத்துவந்த ஒருவர், ஒரு பில்லுக்கு மட்டும் பழைய தேதி போடச் சொன்னார். பெரிய தொகை இல்லை. பேனாவை எடுத்ததும் “நீ எனக்கு முன்பாக நடந்துகொண்டு உத்தமனாயிரு” என்று ஆபிரகாமுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கு முன்பாக என்றால் இந்த மேஜையும் அவருக்கு முன்பாகத்தானே இருக்கிறது? முடியாது என்றேன். அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். அவரைவிடப் பெரிய வாடிக்கையாளர் அடுத்த வாரமே வந்தார் என்று எழுத ஆசைதான். வரவில்லை.


இரவுப் பணி செவிலியர்

அண்ணா, நல்ல கேள்வி. எனக்கு அதிகாலைத் தியானம் என்று ஒன்று அமைந்ததே இல்லை. எல்லாரும் எழுந்து ஜெபிக்கிற நேரத்தில் நான் அடுத்த ஷிப்டுக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனால் தூக்கம்தான் முதல் வேலை. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அது ஒரு குற்ற உணர்ச்சியாகவே இருந்தது.

ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலும் தொட்ட பின்னாலும் நாங்கள் கை சுத்தம் செய்ய வேண்டும். திரவம் தேய்த்தால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீருமாகக் கழுவினால் 40 முதல் 60 நொடி. ஒரு இரவில் எத்தனை தடவை கழுவுவோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில்தான் நான் ஜெபிக்கிறேன். அடுத்த படுக்கையில் இருப்பவருடைய பேரைச் சொல்லி, “ஆண்டவரே, இவரைப் பார்க்கப் போகிறேன், வாங்க” என்பேன். அதற்கு மேல் வார்த்தை இருக்காது.

பெர்சியா ராஜாவுக்குப் பானம் கொடுக்கும் வேலையில் இருந்த நெகேமியாவைப் பற்றிப் படித்தபோதுதான் இதுவும் ஜெபம்தான் என்று தைரியம் வந்தது. ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன” என்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறான். ராஜா எதிரில் நிற்கும்போது எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். ஆனால் அதற்கு முன்னால் கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் வரைக்கும், ஏறக்குறைய 4 மாதம், உபவாசித்து அழுதிருக்கிறான். அந்த நீண்ட ஜெபம் எனக்கு விடுமுறை நாட்களில்தான் கிடைக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். வயதான ஒருவர், யாரைக் கண்டாலும் திட்டுவார். ஒரு இரவு நான் கை கழுவும்போது உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, “யாரோட பேசுற?” என்று கேட்டார். கடவுளோடு என்றேன். “அவருக்கு வேற வேலை இல்லையா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என் பேரையும் சொன்னியா?” “சொன்னேன் தாத்தா.” “முழுப்பேரா?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுப்பேரைச் சொல்லிக்காட்டினேன். அதற்கப்புறம் நான் ஷிப்டுக்கு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி “சொல்லியாச்சா?” என்பதுதான். திட்டுவதை மட்டும் விடவில்லை. பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஜெபிக்க ஆரம்பித்தாரா என்று எனக்குத் தெரியாது.


ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரி எழுதியது மிகவும் நன்றாக இருந்தது. நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்தத் தலைப்பில் இளையவர்கள்தான் அதிகம் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஆகவே ஒரு கிழவன் சொல்வதையும் கேட்டுவையுங்கள்.

தேவனோடு நடப்பதில் ஆரம்பம்தான் கஷ்டம், பழகிவிட்டால் தானாக ஓடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வேதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ராஜாக்களின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பயம் தருகிறவன் பொல்லாத ஆகாப் இல்லை, யூதாவின் ராஜாவான ஆசா. 41 வருஷம் அரசாண்டவன். விக்கிரகங்களை அகற்றினான், எத்தியோப்பியனாகிய சேரா பெரிய சேனையோடு வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயித்தான். அவனுடைய 36-ம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா யூதாவுக்கு எதிராக வந்து, வழியை அடைக்க ராமா என்ற ஊரைக் கட்டுகிறான். சேராவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஆசா இந்தத் தடவை ஜெபிக்கவில்லை. ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பினான். திட்டம் பலித்தும் விட்டது, அதுதான் வேதனை. தவறைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி அனானியைக் காவலறையில் போட்டான். 39-ம் வருஷத்தில் கால்களில் வியாதி வந்தபோதும் கர்த்தரைத் தேடவில்லை.

“கர்த்தருடைய கண்கள் பூமியெங்கும் உலாவிக்கொண்டிருக்கிறது” என்ற வசனத்தை வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறோம். அது அனானி ஆசாவிடம் கண்டித்துச் சொன்ன வார்த்தை. இந்த விஷயத்தில் மதியில்லாமல் நடந்தீர் என்ற அதன் அடுத்த வரியையும் அட்டை அடிப்பவர்கள் சேர்த்து அடிக்கலாம்.

ஆசாவுக்கு என்ன ஆனது? என் ஊகம் இது: அனுபவம் வந்துவிட்டது. எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்துவிட்டது. நாற்பது வயதில் நான் எதற்கெடுத்தாலும் முழங்கால் போடுவேன், ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். யாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்று தெரியும். ஜெபம் தேவைப்படாத மாதிரியே ஒரு நாள் போய்விடுகிறது. வயதானவர்களுக்கு இருக்கும் ஆபத்து இதுதான்.

எதிர்ப்பக்கம் காலேப். கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனபோது 40 வயது. யோசுவாவிடம் வந்து அந்த மலைநாட்டைக் கேட்கும்போது 85. நடுவில் இருந்த 45 வருஷத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுடைய அவிசுவாசத்துக்காக வனாந்தரத்தில் கழித்தவன். கசப்பு வர எல்லா நியாயமும் இருந்தது. அவன் வாயில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

இன்னொன்று. ஆதியாகமம் 16-ம் அதிகாரம் முடியும்போது ஆபிராமுக்கு 86 வயது. அடுத்த வசனத்தில் 99. நடுவில் 13 வருஷம். அந்த இடைவெளியில் கர்த்தர் பேசினதாக ஒரு வசனம் இல்லை. நமக்கு அதைத் தாண்ட ஒரு நொடி போதும், அவனுக்கு 13 வருஷம் ஆனது. எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிந்தது. குடும்ப ஜெபத்தை நான் விடாததற்கு ஒரே காரணம், அது இல்லாமல் என் மனைவி விளக்கை அணைக்க விடமாட்டாள். ஆவிக்குரிய காரணம் எதுவும் இல்லை. பக்தியான பதிலை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.


மென்பொருள் துறை இளைஞர்

ஐயா, உங்கள் கடைசிப் பத்திதான் என்னை எழுத வைத்தது. நான் விசுவாசக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறு பள்ளியிலிருந்து வாலிபர் கூட்டம் வரை எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். என் கூட்டாளிகள் ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். இந்தக் கல்லூரியில் சேரச் சொன்னார், இந்தப் பெண்ணைக் கட்டச் சொன்னார், இந்த வேலையை விடச் சொன்னார்.

எனக்கு எதுவுமே கேட்பதில்லை. ஜெபிக்கிறேன், வேதம் படிக்கிறேன், முடிந்தவரை நேர்மையாக இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை. கேட்டதாகச் சொன்னவர்களில் சிலர் அடுத்த வருஷமே வேறு மாதிரி கேட்டதாகச் சொல்வதையும் பார்த்துவிட்டேன். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் இரண்டு பேரும் பேச வேண்டாமா? ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அதற்குத் தோழமை என்று பேர் வைக்கலாமா?

தயவுசெய்து ‘இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள்’ என்று மட்டும் பதில் போடாதீர்கள்.


கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த வாசகி

தம்பி, நான் வேறு சபை. செபம், பூசை என்றுதான் எங்கள் வழக்கு. ஆனாலும் உங்கள் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

சகோதரர் லாரன்ஸ் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 17-ம் நூற்றாண்டு, பாரிஸ் கார்மேல் மடத்தில் சமையல்காரர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன்னால் முழந்தாளிட்டிருப்பதைப் போல அமைதியாகக் கடவுளோடு இருப்பேன் என்றவர். இதை வைத்து அவரைப் பிறவியிலேயே சாந்தமான ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் போரில் காயம்பட்டுக் கால் ஊனமான சிப்பாய். 1640-ல் மடத்தில் சேர்ந்தபோது சமையலறை வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கி வர பர்கண்டிக்குப் போனபோது, நடக்க முடியாமல் படகிலிருந்த பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போனாராம். முதல் 10 ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தன் பக்தி போதவில்லை, தன் பாவங்கள் கண் முன்னே நிற்கின்றன என்ற வேதனை. அந்தப் பத்து ஆண்டுகளை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

இன்னொருவர் அன்னை தெரசா. 1997-ல் அவர் இறந்தார். 2007-ல் அவருடைய கடிதங்கள் வெளியானபோது நிறையப் பேருக்கு அதிர்ச்சி. தெருவில் கிடந்தவர்களுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து, ஏறத்தாழ 50 ஆண்டுகள், கடவுள் தன்னோடு இருக்கும் உணர்வே அவருக்கு இல்லை. நடுவில் ஒரு சில வாரம் வெளிச்சம் வந்தது, பிறகு மறுபடியும் இருட்டு. அப்படியிருந்தும் காலையில் எழுந்து செபித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். 2016-ல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, ஆண்டவர் மேல். இவ்வளவு செய்த பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் அவரிடமே சொல்கிறேன். தோழமை என்றால் கோபித்துக்கொள்ளவும் இடம் இருக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.


கணக்கர்

தம்பியின் கேள்வியை நானும் யோசித்தேன். எம்மாவு சாலைதான் நினைவுக்கு வருகிறது. எருசலேமிலிருந்து 60 ஸ்தாதி தூரம், கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். இரண்டு சீஷர்கள் போகிறார்கள். அவர்களோடு நடக்கிறவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் பேசுகிறார். கேட்டுக்கொண்டேயும் வருகிறார்கள். ஆனால் கேட்பது அவருடைய சத்தம் என்று தெரியவில்லை. அப்பம் பிட்டபோதுதான் கண் திறந்தது. உடனே அவர் மறைந்துபோனார். அதற்கப்புறம்தான், வழியில் அவர் பேசும்போது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவர்கள் அடையாளம் தெரியாமல் நடந்த அத்தனை தூரமும் அவரோடு நடந்ததுதான். தம்பிக்கு இது முழுப் பதில் இல்லை என்று தெரியும். ‘கேட்கவில்லை’ என்று நேராகச் சொல்கிறவரை, கேட்டதாகக் கதை கட்டுகிறவரைவிட நான் நம்புவேன்.


தாயைப் பராமரிக்கும் மகள்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மேலே எல்லாரும் நடக்க முடிகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு மறதி நோய்.

எனக்குத் தெரிந்தவரையில் தேவனோடு நெருங்கி நடந்தவர் யார் என்று கேட்டால் அம்மா என்றுதான் சொல்வேன். சின்ன வயதில் நாங்கள் விழிக்கும்போது அவர் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருப்பார். எங்கள் பேர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பேர், பரீட்சை எழுதுகிறவர்கள் பேர் என்று வரிசையாக வரும். வேதத்தில் பாதி அவருக்கு மனப்பாடம்.

இப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றையும் மறந்தாலும் சங்கீதம் 23-ஐ மட்டும் மறக்கமாட்டார்கள் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சிலருக்கு அப்படி இருக்கலாம். அம்மா அதையும் மறந்துவிட்டார். வேதத்தைக் கையில் கொடுத்தால் தள்ளிவிடுகிறார். ஜெபிக்கலாம் அம்மா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாழ்நாளில் அவர் வாயில் வராத வார்த்தைகள் இப்போது வருகின்றன. சபையிலிருந்து பார்க்க வந்த ஒருவர், “கடைசியில் விசுவாசத்தை விட்டுவிட்டாரோ?” என்று என்னிடமே கேட்டார். அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

சங்கீதம் 71-ல் “முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்” என்று ஒரு ஜெபம் இருக்கிறது. அம்மா ஆரோக்கியமாக இருந்தபோது இதை அடிக்கடி சொல்வார். இந்த நாட்களுக்காக அப்போதே ஜெபித்துவைத்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பிடிமானம் கொடுத்தது ஏசாயா 46. அந்த அதிகாரம் தொடங்குவது பேல், நேபோ என்ற பாபிலோன் தெய்வங்களோடு. அந்தச் சிலைகளை மிருகங்களின் மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மிருகங்கள் இளைத்துப்போகின்றன. அங்கே பக்தர்கள்தான் தங்கள் தெய்வத்தைச் சுமக்க வேண்டும். அதற்கு எதிராகக் கர்த்தர் சொல்கிறார், தாயின் வயிற்றில் தோன்றினது முதல் உங்களைச் சுமந்தேன், “நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்” என்று. அம்மா இனி அவரை நினைவில் சுமக்க முடியாது. சுமக்க வேண்டியதும் இல்லை. அந்த வேலை முதலிலிருந்தே அவருடையது.

இதை எழுதிவிட்டேன் என்பதால் எல்லா நாளும் எனக்கு இந்தத் தெளிவு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது அம்மா அடித்தால் வலிக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் வசனம் எதுவும் வருவதில்லை. ‘இயேசப்பா’ என்று மட்டும் வருகிறது.


சபை ஊழியத்தில் இருக்கும் மூத்த சகோதரி

மகளே, அந்த மனிதர் கேட்டதை மனதில் வைக்காதே. வயது போனவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொடுக்க வேண்டும். நானே வகுப்பு எடுக்கத் தயார்.

டோனாவூரின் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-ல் இங்கேயே மரித்தார், ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற எங்கெல்லாமோ அலைந்த அந்தக் கால்கள், 1931-ல் ஒரு குழியில் விழுந்ததோடு சரி. அதற்கப்புறம் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில்தான். ஓடியாடிய வருஷங்கள்தான் ஊழியம், படுத்திருந்த வருஷங்கள் அதற்கு ஒட்டு என்று டோனாவூரில் யாரும் சொல்லமாட்டார்கள். உன் அம்மாவுக்கு அவரைப்போல எழுதவோ பேசவோ முடியாது, அது வேறு என்று எனக்குத் தெரியும். எனக்குப் பேர் மட்டும் அனுப்பு, ஜெபிக்கிறேன்.


சிறு தொழில் செய்பவர்

நான் எழுதப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம்.

“இரண்டுபேர் ஒருமனப்பட்டிருந்தாலொழிய ஒருமித்து நடந்துபோவார்களோ?” என்று ஆமோஸ் கேட்கிறார். தேவனோடு நடப்பதில் எனக்கு இடறலாக வந்தது சந்தேகம் இல்லை, சோம்பலும் இல்லை. கூடப்பிறந்த ஒருவர் என் பங்கைச் சேர்த்து எழுதிக்கொண்டார். சட்டப்படி என்ன செய்யலாம் என்று பார்த்தேன், வழி இல்லை என்றார்கள்.

அதற்கப்புறம் என் ஜெபம் முழுக்க வழக்குதான். முழங்கால் போட்டதும் மனு வாசிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆண்டவர் கூட இருக்கிறார் என்ற உணர்வு எனக்கு நன்றாகவே இருந்தது, நீதிபதியாக. அவர் என்னிடம் வேறு எதைப் பேச வந்தாலும் நான் அந்த வழக்குக்கே திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

மாறியது ஒரே நாளில் இல்லை. மீகா 6:8-ஐ ஒரு கூட்டத்தில் வாசித்தார்கள். நியாயஞ்செய்வது, இரக்கத்தைச் சிநேகிப்பது, மனத்தாழ்மையாய் நடப்பது. முதலாவதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், மற்றவர் எனக்குச் செய்ய வேண்டிய நியாயம் என்று. வசனத்தைத் திரும்பப் படித்தால் அது நான் செய்ய வேண்டியது. அன்றிலிருந்து ஜெபத்தில் மனு வாசிக்கும் முன் அந்தக் கூடப்பிறந்தவருடைய பிள்ளைகளின் பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆகவே அது முடிந்தது. அப்புறம் அவருடைய மனைவி பேர். அவர் பேரைச் சொல்ல வெகு காலம் ஆனது.

பங்கு திரும்பி வரவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. ஜெபத்தில் இப்போது வேறு காரியங்களுக்கும் நேரம் கிடைக்கிறது.


முதியோர் கல்வியில் வேலை செய்பவர்

ஒரு சின்னச் சேர்க்கை. ஃபிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனரி 1930-ல் பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் தனியாக இருந்தார். ஒவ்வொரு நிமிஷமும் தேவனை நினைக்க முடியுமா என்று பரிசோதனை மாதிரி தொடங்கி, தகப்பனாருக்குக் கடிதங்களில் எழுதிக்கொண்டே வந்தார். நன்றாகப் போன நாளையும் எழுதினார், சொதப்பிய நாளையும் எழுதினார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. அவரைச் சுற்றி இருந்தவர்கள் மரானாவ் முஸ்லிம்கள். அவர்களைத் தான் மேலிருந்து பார்த்தது அவருக்கே புரிந்தது. அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் மொழியைக் கற்றார், அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற முறை அங்கேதான் பிறந்தது. பிற்பாடு 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த எழுத்தறிவுப் பணி போனது. தேவனை நினைத்துக்கொண்டே இருக்க நினைத்தவர் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனைக் கவனிக்க ஆரம்பித்தார். இது இல்லாத ‘தேவ பிரசன்னம்’ பற்றி யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.


மென்பொருள் துறை இளைஞர்

எல்லாருக்கும் நன்றி. யாரும் ‘இன்னும் விசுவாசம்’ என்று எழுதவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எழுத்து மட்டும் தெரிந்த அந்த வருஷங்களில் எதைப் படித்தீர்கள்? சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராதபோது என்ன செய்வது?


ஓய்வுபெற்ற ஆசிரியர்

சங்கீதங்கள்தான், தம்பி. சொந்த வார்த்தை இல்லாதவனுக்கு அவை கடன் வார்த்தை. நானாகத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் பிடித்தவற்றை மட்டும் படிப்பேன் என்று தெரிந்துதான் தேதி கணக்கில் படித்தேன். இன்று எத்தனாம் தேதியோ அந்தச் சங்கீதம், அதோடு 30, 60, 90, 120 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து. 30 நாளில் 150-ம் முடியும். 29-ம் தேதி மட்டும் 119 வரும், 176 வசனம். அதை எடுத்து 31-ம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

28-ம் தேதி 88 வரும். சங்கீதங்களில் கடைசிவரை வெளிச்சமே வராத சங்கீதம் அது. ஏமான் கூப்பிடுகிறான், பதில் வரவில்லை, நண்பர்கள் விலகிவிட்டார்கள், அப்படியே முடிந்துவிடுகிறது. அதைச் சத்தமாகப் படியுங்கள். அது வேதத்துக்குள்தான் இருக்கிறது, யாரும் எடுத்துப் போடவில்லை. அதே தேதியில் 118-ம் 148-ம் அடுத்தடுத்து வரும், இரண்டும் துதி. மனசு வந்தாலும் வராவிட்டாலும் அவற்றையும் படித்துவிடுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் மட்டும் இரண்டு நாள் இடிக்கும். மீதியை மார்ச் 1-ம் தேதி சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.